சோலார் தகட்டுக்கு வேண்டியது சூடா, வெளிச்சமா?

வில்லியனூர், பாகூர் பக்கம் மாடி வீட்டிலோ மோட்டார் கொட்டகையிலோ சோலார் தகடு போட நினைப்பவர்கள் பலர், "வெயில் கொளுத்தக் கொளுத்தக் கரண்ட் கொட்டும்" என்று நம்புகிறார்கள். அதுதான் இல்லை! வேலை செய்வது வெளிச்சம். சூடு அதற்குப் பகை. ஏன் என்று பார்ப்போம்.

தகட்டில் இருப்பது மணலிலிருந்து பிரித்தெடுத்த சிலிக்கான். அதன் ஒவ்வோர் அணுவும் நான்கு எலெக்ட்ரான்களால் பக்கத்து அணுக்களோடு கைகோத்து நிற்கிறது. ஒரு பக்கத்தில் இம்மியளவு பாஸ்பரஸ் சேர்க்கிறார்கள். அதற்கு ஐந்து எலெக்ட்ரான், ஒன்று மிச்சம். மறுபக்கத்தில் போரான். அதற்கு மூன்றுதான், ஓர் இடம் காலி. இரண்டும் சந்திக்கும் எல்லையில் மிச்ச எலெக்ட்ரான்கள் காலி இடங்களுக்குத் தாவுகின்றன. அதனால் அங்கே ஒரு மின்சாரச் சரிவு உண்டாகிறது.

வயலில் சரிவு இருந்தால்தானே தண்ணீர் ஒரு பக்கமாக ஓடும்? இங்கும் அப்படியே. ஒளி பட்டு அவிழ்ந்த எலெக்ட்ரானை இந்தச் சரிவு பாஸ்பரஸ் பக்கம் தள்ளுகிறது. வெளியே கம்பி கொடுத்தால், அது மோட்டாரைச் சுழற்றிவிட்டு போரான் பக்கம் வந்து சேர்கிறது. எல்லை இல்லாவிட்டால் அவிழ்ந்தது பழையபடி விழுந்து, வெறும் சூடாகிப் போகும்.

1940-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ரஸ்ஸல் ஓல் என்பவர், விரிசல் கண்ட சிலிக்கான் துண்டில் ஒளி பட்டதும் மின்சாரம் எழுவதைக் கண்டார். 1954-ல் அதே கூடத்தில் சாப்பின், புல்லர், பியர்சன் மூவரும் செய்த கலம், ஒளியில் 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது. இன்றைய நல்ல தகடுகள் 20 சதவீதத்தைத் தாண்டுகின்றன.

ஆனால் தகடு சூடேறினால் அந்தச் சரிவின் வேகம் தணிகிறது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் நஷ்டம். சித்திரை வெயிலில் தகடு 60 டிகிரியைத் தொட்டால் ஏழில் ஒரு பங்கு போயிற்று!

நிழலும் அப்படித்தான். ஒரு கலம் தருவது அரை வோல்ட் அளவே. ஆகையால் பல கலங்களை வரிசையாகக் கோக்கிறார்கள். ஒரு தென்னங்கீற்றின் நிழல் ஒரு கலத்தில் விழுந்தாலும், வாய்க்காலில் அடைப்பு விழுந்தாற்போல வரிசையே தளர்ந்துவிடும்.

கடன் வாங்கித் தகடு போடுகிறவர்கள் மூன்று காரியங்களைக் கவனித்தால் போதும். தகட்டுக்கும் தளத்துக்கும் நடுவே காற்றோட இடம் விடுங்கள். மர நிழல் விழாத இடமாகப் பாருங்கள். வெயில் ஏறுமுன் காலையிலேயே தூசியைக் கழுவிவிடுங்கள்.