ஐயர் ஆக என்ன படிக்கணும்?

மும்பை மாட்டுங்காவில் சந்தை என்றால் பூவும் வாழையிலையும் வாங்கும் இடம். வேத பாடசாலையில் சந்தை என்றால் வேறு: குரு ஒருமுறை சொல்ல, பிள்ளைகள் இருமுறை திருப்பிச் சொல்வது. அப்படி ஏழெட்டு வருஷம் சந்தை சொன்ன ஒரு பையன், நான் தத்துவம் நடத்திய பி.ஏ. வகுப்பில் வந்து உட்கார்ந்தான்.

தைத்திரீய உபநிஷத்தில் பிருகு தன் தகப்பனாரிடம் என்ன கேட்டான் என்றேன். கண்ணை மூடி, ஸ்வரம் பிசகாமல் அந்த வல்லியை, அதாவது அத்தியாயத்தையே, ஒப்பித்தான். "அர்த்தம்?" என்றேன். "அதை யாரும் கேட்டதில்லை, சார்."

அவனிடம் குறை காண நான் யார்? நல்லதுக்கு இரண்டு தர்ப்பை, பித்ரு காரியத்துக்கு மூன்று என்று பவித்திரம் முடிய எனக்குத் தெரியாது. அழுதுகொண்டிருக்கும் வீட்டில் எப்போது மந்திரத்தை நிறுத்திக் காத்திருப்பது என்பதும் என் பாடத்திட்டத்தில் இல்லை.

அரசு முழுச் செலவில் நடத்தும் கல்வி நிலையத்தில் சமய போதனை கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 28ஆவது பிரிவு. போதனைதான் கூடாது, சமயத்தைப் பற்றிப் படிக்கலாம். அந்தப் படிப்பு நம் ஊரில் பெரும்பாலும் தத்துவம், சமஸ்கிருதம், பண்பாட்டு வரலாறு என்ற பெயர்களில்தான் நடக்கிறது. அதை முடித்தால் பட்டம் வரும், பூஜை செய்யும் உரிமை வராது.

அதே வகுப்பில் தாராவிப் பையன் ஒருவன், பூர்வீகம் திருநெல்வேலி. "ஐயர் ஆகத் தத்துவம் படிச்சே ஆகணுமா, சார்?" என்றான். அவர்கள் சபையில் போதகர்தான் ஐயர். மாட்டுங்காவில் அப்படிக் கூப்பிட்டால் வேறு ஆள் திரும்பிப் பார்ப்பார். வேண்டியதில்லை என்றேன். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பி.டி. என்ற இறையியல் படிப்பில் சேர, கையிலுள்ள பட்டம் எந்தப் பாடத்தில் இருந்தாலும் சரி. பைபிளும் பிரசங்கமும் சபை நடத்துவதும் அங்கே போய்த்தான். கத்தோலிக்கர் வழி வேறு. அவர்கள் திருச்சபைச் சட்டப்படி குருவாகிறவருக்குக் குறைந்தது இரண்டு வருஷம் தத்துவம், நாலு வருஷம் இறையியல். கோரேகாவ் குருமடத்தில் என் பாடத்துக்கு மரியாதை அதிகம்!

பாடசாலைப் பையன் இப்போது இங்கேயே சாஸ்திரிகள். சிராத்தத்துக்கு வரும் வெளிநாட்டுப் பேரன்களுக்கு நடுவே நிறுத்தி இரண்டு வரி அர்த்தம் சொல்கிறான். அதற்கு என் வகுப்புதான் காரணம் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

மற்றவன் அரசரடிக்குப் போனான். அங்கே மூன்றாம் வருஷ மாணவர்கள் வளாகத்தை விட்டுக் குடிசைப் பகுதியில் தங்கிப் படிப்பது நெடுநாள் வழக்கம். ஒருநாள் போன் செய்தான்.

"ஏழைங்க வாழ்க்கையைக் கத்துக்கச் சொல்லி அனுப்பியிருக்காங்க, சார். நான் கூட வந்தவங்களுக்குத் தண்ணி லைன்ல குடம் வைக்கச் சொல்லிக் குடுத்துட்டிருக்கேன்."