சாலமோன் கேட்ட வரமும் நம் மாணவரும்

பரீட்சைக் காலம் நெருங்கும்போது நம் ஆலயங்களில் மெழுகுதிரிகள் பெருகுகின்றன. நாள் முழுவதும் கொழுந்து பறித்துக் களைத்த தாய், தன் பிள்ளை உயர்தரப் பரீட்சையில் சித்தியடைய வேண்டுமென முழந்தாளிட்டு மன்றாடுகின்றாள். அம்மன்றாட்டில் குறையேதும் இல்லை. லயன் அறையிலிருந்து வெளியேறும் பாதை பெரும்பாலும் பாடசாலை வழியாகவே செல்கின்றது என்பதைத் தெல்தோட்டைத் தோட்டங்களில் வாழும் எவரும் அறிவர்.

ஆயினும் சாலமோன் கேட்ட வரத்தை நாம் சற்றே சிந்திக்க வேண்டும். கிபயோனில் கனவில் தோன்றிய ஆண்டவரிடம் இளம் அரசன் நீண்ட ஆயுளையோ செல்வத்தையோ கேட்கவில்லை. மக்களுக்கு நீதி வழங்கவல்ல உள்ளத்தையே கேட்டான். அதாவது, அவன் கேட்ட ஞானம் பிறருக்கானது. அந்த ஞானம் முதலில் யாருக்குப் பயன்பட்டதென அரசர்கள் முதல் நூலின் மூன்றாம் அதிகாரத்திலேயே காண்கின்றோம். ஒரே வீட்டில் வாழ்ந்த, சமுதாயம் இழிவாக நோக்கிய இரு பெண்களின் வழக்கை அரசன் தானே அமர்ந்து கேட்டான். பரிந்துபேச எவருமில்லாத ஒரு தாய்க்கு அவளது குழந்தை மீண்டும் கிடைத்தது.

இத்தகைய ஞானத்தை நமது கண்டி மண்ணிலே வாழ்ந்து காட்டியவர் புனித யோசேப் வாஸ் அடிகளார். 1651ஆம் ஆண்டு கோவாவில் பிறந்து, மெய்யியலும் இறையியலும் கற்று, 1676இல் குருவானவர். பேரும் புகழும் தரும் பணிகள் அவருக்குக் கோவாவிலேயே கிட்டியிருக்கும். ஆனால் ஒல்லாந்தரின் ஆட்சியில் குருக்களின்றித் தவித்த கத்தோலிக்கரைத் தேடி, 1687இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தடைந்தார். தமிழ் கற்றார். 1692இல் கண்டிக்கு வந்தபோது போர்த்துக்கேய ஒற்றர் எனச் சந்தேகிக்கப்பட்டுச் சிறையிடப்பட்டார். அங்கே அவர் சிங்களம் கற்றார். சிறைச்சாலையே அவருக்கு வகுப்பறையாயிற்று.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. உறவினரே நோயாளரைக் காட்டில் கைவிட்டுச் சென்றனர். அடிகளாரும் அவருடைய மருமகனாகிய யோசேப் கர்வாலோ அடிகளாரும் நோயுற்றோருக்குக் குடில்கள் அமைத்து, உணவூட்டி, புண்களைக் கழுவி, இறந்தோரைத் தம் கைகளாலேயே அடக்கம் செய்தனர். சமயம் எதுவென அவர்கள் வினவவில்லை. இறையியல் கற்றவருக்கு இது ஏற்ற வேலையா என்று அன்று எவரேனும் கேட்டிருக்கவும் கூடும்! 1711 சனவரி 16இல் கண்டியிலேயே அவர் இறைவனடி சேர்ந்தார். 2015 சனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

மாணவச் செல்வங்களே, அடிகளார் கற்ற இரு மொழிகளையும் எண்ணிப் பாருங்கள். தமிழும் ஆட்சிமொழியென 1987இல் அரசியலமைப்பில் எழுதப்பட்டது. எனினும், சேமலாப நிதி பற்றிச் சிங்களத்தில் வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வாசிக்க ஆள் தேடும் பாட்டி நம் லயத்தில் இருக்கக்கூடும். வைத்தியரிடம் தன் நோயைச் சொல்ல மொழியறியாது நிற்கும் தாத்தாவும் இருக்கக்கூடும். பாடசாலையில் நீங்கள் கற்ற சிங்களம் அங்கே அரைமணி நேரத்தில் பெரும் தருமமாகின்றது. பக்கத்து அறைச் சிறுவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதும் அத்தகையதே.

“உன் படிப்பைப் பார், ஊர் வேலை எதற்கு?” என்று பெற்றோர் கடிந்துகொள்வதுண்டு. அவர்களது அச்சம் நியாயமானது. சேவையின் பெயரால் புத்தகத்தை மூடி வைப்பதும் ஞானமாகாது. அடிகளார் சிங்களம் கல்லாதிருந்தால், கண்டி நோயாளரின் முனகலை எவ்வாறு விளங்கிக்கொண்டிருப்பார்? ஆனால் வாரத்தில் ஒரு மாலை நேரத்தை ஏழைக்கென ஒதுக்குவதால் எந்தப் பிள்ளையும் பரீட்சையில் தவறுவதில்லை என்றே நான் கருதுகின்றேன்.

நம் பங்குகளில் புனித வின்சென்ட் தி போல் சபை என்றாலே மூத்தோரின் சபை என்ற எண்ணம் நிலவுகின்றது. அதனை 1833இல் பாரிஸ் மாநகரில் தொடங்கியவர்களுள் முதன்மையானவரான அருளாளர் பிரடெரிக் ஒசானாம், அப்போது இருபதே வயதான சட்டக்கல்லூரி மாணவர். அவருடைய தோழர்களில் பலரும் மாணவர்களே. வரும் ஞாயிறு திருப்பலி முடிந்தபின், உங்கள் பங்கில் அச்சபையினர் எங்கே கூடுகின்றனர் என்று விசாரித்துப் பாருங்கள்.