முதலில் நட்பு, பிறகு ஒற்றுமை

1910-ஆம் ஆண்டு எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் ஒரு தமிழர் பேச எழுந்தார். நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து, தெலுங்கு நாட்டிலே தொண்டாற்றிய வேதநாயகம் சாமுவேல் அசரியா அவர். மேனாட்டாரின் தியாகங்களைப் போற்றியபின், "எங்களுக்கு நண்பர்களையும் தாருங்கள்" என்ற பொருளில் வேண்டினார்.

1919-இல் தரங்கம்பாடியில் அவரும் பிற சபைப் போதகர்களும் கூடி, திருச்சபைகள் ஒன்றாகும் வழியை ஆராய்ந்தனர். பிரிவினைகளோ மேனாட்டில் தோன்றியவை. நம் மண்ணில் முளைத்தவை அல்ல.

தடை யாது? பேராயர் கைவைத்து அபிஷேகித்தவரே குருவாகலாம் என்றது ஆங்கிலிக்கன் சபை. இணைய வந்த மற்றச் சபைகளில் பேராயர் பதவியே இல்லை. பேச்சு 28 ஆண்டுகள் நீண்டது. முடிவில், இருக்கும் குருக்கள் அனைவரையும் மறு அபிஷேகமின்றி ஏற்பது, இனி வருவோரைப் பேராயர் அபிஷேகிப்பது என்று இசைந்தனர். ஒருவர் தொண்டை மற்றவர் ஐயுறாமல் மதித்ததே இதன் உட்பொருள்.

1947 செப்டம்பர் 27-இல், சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. அதைக் காண அசரியா இல்லை, 1945-லேயே மறைந்துவிட்டார்.

நம் விடுதி உணவுக்கூடத்திலும் ஊருக்கொரு மேசை, சாதிக்கொரு மேசை உண்டு. அடுத்த மேசையில் சென்று அமர நமக்கு 28 ஆண்டுகள் வேண்டுமா?