ஜாவா சார்புநிலை மேலாண்மைக்கு மாறுதல்

ஜாவா மொழியில் எழுதப்படும் மென்பொருள், இயங்குவதற்குத் தேவைப்படும் பிறரது நிரலகங்கள் அதன் சார்புகள் எனப்படும். இவற்றைக் கையால் சேகரித்து வைக்கும் பழைய முறையிலிருந்து, கருவியே தேடிப் பெறும் முறைக்கு மாறுவது சார்புநிலை மேலாண்மைக்கு மாறுதல் ஆகும்.

பழைய முறை

2000 ஆம் ஆண்டு தனி மென்பொருளாக வெளிவந்த அப்பாச்சி ஆன்ட், நிரலைத் தொகுக்கும் படிகளை ஓர் எக்ஸ்எம்எல் கோப்பிலிருந்து படித்து நிறைவேற்றியது. நிரலகங்களைத் தேடித் தருவது அதன் பணியன்று. ஆகவே நிரலாளர்கள் ஜார் கோப்புகளைத் தாமே பதிவிறக்கி "லிப்" என்னும் அடைவில் இட்டனர். ஆண்டுகள் செல்லச் செல்ல, பதிப்பெண் இல்லாத கோப்புகளும், ஒரே நிரலகத்தின் இரு பதிப்புகளும், எவருக்கும் தேவைப்படாதவையும் அங்கே குவிந்துவிடும்.

மாற்று முறை

2004 இல் மேவன் 1.0 உம், 2005 இல் மேவன் 2.0 உம் வெளிவந்தன. இதில் ஒரு நிரலகத்தின் குழு, பெயர், பதிப்பு ஆகிய மூன்றையும் அறிவித்தால் போதும். மேவன் 2.0, அந்த நிரலகத்தையும் அது சார்ந்துள்ள பிறவற்றையும் மையக் களஞ்சியத்திலிருந்து பெற்றுத்தரும். ஆன்ட் கோப்பைக் கைவிட விரும்பாதோர் ஐவி என்னும் கருவியை அதனுடன் இணைத்துக்கொள்ளலாம்.

மாறும் வழி

கருவியை நிறுவுவது எளிது. அடைவில் இருப்பவை எவை என அடையாளம் காண்பதே கடினம். கோப்பின் பெயர் உதவாதபோது, அதன் ஷா-1 சரிபார்ப்புத் தொகையைக் கணக்கிட்டு மையக் களஞ்சியத்தில் தேடலாம். பொருந்தினால் பதிப்பு தெரிந்துவிடும். பொருந்தாவிடில் அக்கோப்பு அங்கே வெளியிடப்படாததாகவோ, முன்பு பணிபுரிந்த ஒருவர் திருத்தித் தொகுத்ததாகவோ இருக்கக்கூடும். அத்தகையவற்றை நிறுவனத்தின் சொந்தக் களஞ்சியத்தில் இடுவர்.

முதலில் பழைய பதிப்புகளையே அறிவிப்பது நன்று. மாற்றத்தையும் பதிப்பு உயர்வையும் ஒருங்கே செய்தால், பிழை எதனால் வந்தது என்று கூற இயலாது. அவ்வாறு செய்தாலும் சிக்கல் எழலாம். இரு சார்புகள் ஒரே நிரலகத்தின் வெவ்வேறு பதிப்புகளைக் கோரினால், மேவன் சார்பு மரத்தில் மிக அருகில் உள்ளதைத் தேர்கிறது. ஐவி இயல்பாகப் புதியதைத் தேர்கிறது. தவறான பதிப்பு அமைந்தால், தொகுக்கும்போது தோன்றாத பிழை இயங்கும்போது தோன்றலாம். எனவே பழைய, புதிய வெளியீடுகளில் உள்ள ஜார் கோப்புகளின் பட்டியலை ஒப்பிட்டுப் பார்த்தல் இன்றியமையாதது.

பாதுகாப்பு

2021 திசம்பரில் லாக்4ஜே நிரலகத்தில் லாக்4ஷெல் என்னும் கடும் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. அப்போது எந்த மென்பொருளில் எந்தப் பதிப்பு உள்ளது என்பதே முதற்கேள்வியாயிற்று. மேவனைப் பயன்படுத்துவோர் சார்பு மரத்தை ஒரே கட்டளையில் அச்சிட்டுப் பார்க்க முடியும். லிப் அடைவை நம்பியிருப்போர் கோப்புகளை ஒவ்வொன்றாகத் துழாவ வேண்டும். எனினும், வேறொரு ஜார் கோப்பினுள் பிரித்துச் சேர்க்கப்பட்ட நிரலகம் அந்த மரத்திலும் தென்படாது.