கட்சியும் தலைப்பும்

சிட்னி மாநகரின் மேற்குப் புறத்தில், ஈழத்தமிழரும் தமிழகத்தாரும் நெருங்கி வாழும் வென்ட்வேர்த்வில் போன்ற ஊர்களின் இலக்கிய வாசகர்க்கு ஈழத்து நாவலாசிரியர் எஸ்.பொ. (எஸ். பொன்னுத்துரை) அந்நியரல்லர். 1932இல் யாழ்ப்பாணத்து நல்லூரில் பிறந்து, 2014இல் சிட்னியிலேயே மறைந்த அவருடைய நூல்களை வரிசையாக அடுக்கி முகப்பை மட்டும் நோக்கினாலும், ஒரு நாவலாசிரியரின் அரசியல் நெறி மாறுங்கால் அவர் சூட்டும் தலைப்புகளும் எங்ஙனம் திசை மாறுகின்றன என்பது புலனாகும்.

இளமையில் பொதுவுடைமைச் சித்தாந்தத்தில் ஈடுபட்டு, முற்போக்கு எழுத்தாளரோடு ஒன்றி நின்ற அவர், 1960களின் முற்பகுதியில் அவர்களோடு பிணங்கிப் பிரிந்து, 'நற்போக்கு' என்னும் எதிர்க்கொடியை உயர்த்தினார். பிரிவுக்குப் பின் 1966இல் அவர் தந்த நாவல் 'சடங்கு'. அவருடைய பழைய தோழரும், தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தில் முன்னின்றவருமான கே. டானியல், கட்சி நெறியில் உறுதியாக நின்று 1972இல் வெளியிட்ட நாவலோ 'பஞ்சமர்'. பின்னது ஒடுக்கப்பட்ட மக்கள் அனைவரையும் பகிரங்கமாகப் பெயர் சொல்லி அழைக்கிறது. முன்னதோ ஓர் இல்லத்தின் அந்தரங்கத்துக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்கிறது.

இதனால் எஸ்.பொ. சமுதாயத்தைத் துறந்தார் என்று முடிவுகட்டுவது பிழை. கொழும்பில் எழுதுவினைஞராக உழைத்து, வார இறுதியில் யாழ்ப்பாணத்து வீட்டுக்கு ஆவலோடு வரும் 'சடங்கு' நாயகன் செந்தில்நாதனுக்கு மனைவியோடு தனித்திருக்கும் பொழுது எளிதில் வாய்க்கவில்லை. உத்தியோகத்தை ஓரிடத்திலும் குடும்பத்தை வேறிடத்திலும் வைத்த நடுத்தர வர்க்க வாழ்வின் பொருளாதாரமே அத்தாபத்தின் மூலகாரணம். சித்தாந்தம் முகப்பிலிருந்து இறங்கியதேயன்றி, கதையினின்று வெளியேறவில்லை.

ஈழப்போருக்கு மகனைப் பறிகொடுத்து, அயல்நாட்டில் குடியேறிய பின்னர், கூட்டத்தைக் குறிக்கும் தலைப்புகள் அவரிடம் தோன்றின. கவிஞர் இந்திரனுடன் இணைந்து 1994இல் அவர் தொகுத்த புலம்பெயர்ந்தோர் சிறுகதைகளுக்குப் பெயர் 'பனியும் பனையும்'. வென்ட்வேர்த்வில்லின் கூரைகளில் உறைபனி குவிவதில்லை. ஆயினும், கனடாவிலும் ஐரோப்பாவிலும் அகதியாய் ஒதுங்கியோரைத் தம் இனத்தாராக அரவணைக்கவே அப்பெயர் எழுந்தது. தம் சுயசரிதத்துக்கும் 'வரலாற்றில் வாழ்தல்' என்றே பெயரிட்டார். முன்பு கட்சி நின்ற இடத்தில் இப்போது சிதறுண்ட ஓர் இனம் நின்றது.

ஆதலின், தலைப்பைக் கண்டு கதைக்குத் தீர்ப்பு வழங்கலாகாது. எனினும், எழுதும் வேளையில் 'நாம்' என்று ஆசிரியர் யாரையெல்லாம் எண்ணினார் என்பதைத் தலைப்பைப் போல் ஒளிவின்றிச் சொல்லும் சாட்சி வேறில்லை.