பத்துப் பேர் வீட்டு அடுப்பு – 7: அரிசிம்பருப்பு

போன வாரம் சோளச்சோற்றோடு நிறுத்தியிருந்தேன். தாத்தா காலத்துப் புஞ்சைக்காட்டு வீட்டில் நெல்லுச்சோறு நோம்பிக்கு மட்டுந்தான். அப்பா மில் வேலைக்கென்று சிங்காநல்லூர் லைன் வீட்டுக்கு வந்த பிறகே அரிசி எங்களுக்கு அன்றாடமானது. 1967-இல் அண்ணா ஆட்சியின் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. எட்டுப் பிள்ளைகளை வைத்திருந்த அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது, பையை முறத்தில் கொட்டும்போது அவர் முகத்திலேயே தெரியும்.

ரேஷன் அரிசியில் கல் கிடக்கும், நெல் கிடக்கும், ஒரு வாடையும் இருக்கும். கல்லைப் பொறுக்கிவிடலாம். வாடைக்கு அம்மா கண்ட மருந்துதான் அரிசிம்பருப்பு. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு. கடலெண்ணெய் கொஞ்சமாக, சின்ன வெங்காயம் தாராளமாக. வெங்காயம் நன்றாக வதங்கியதும், அம்மியில் ஒன்றிரண்டாய் நசுக்கிய சீரகமும் மிளகும் பூண்டும் விழும். தெருமுனையில் விளையாடிக்கொண்டிருந்த எங்களுக்கு அப்போதே பசி வந்துவிடும்.

இதில் குழம்புக்கும் பொரியலுக்கும் தனித்தனியாக அடுப்பு மூட்ட வேண்டாம். கஞ்சி வடிப்பதில்லை என்பதால் சத்தும் போசியை விட்டு வெளியே போகாது. அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் பருப்பில் நிறைய உண்டு. கறியோ முட்டையோ எட்டிப்பார்க்காத வீட்டில் பிள்ளைகள் வளர அது எவ்வளவோ உதவியிருக்கும். எரிக்க எங்களுக்குக் கிடைத்தது பருத்திமார். சடசடவென்று எரிந்து சீக்கிரமே அடங்கிவிடும். அந்தத் தீக்கென்றே அமைந்த சமையல் இது. அரிசி முக்கால் பதம் வேகும் வரைதான் கொழுந்து வேண்டும். பிறகு மாரை வெளியே இழுத்துவிட்டு, மூடி போட்டு, மிச்சக் கங்கிலேயே புழுங்கவிடுவார் அம்மா.

அப்படிப் புழுங்கும்போது அடியில் பிடிக்கும் காந்தல் இருக்கிறதே, அதற்குத்தான் எங்களுக்குள் சண்டை. பழுப்பேறி, மொறுமொறுவென்று, பூண்டு வாசத்தோடு கரண்டியில் பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். அம்மா அதற்கு முறை வைத்தார். "இன்னைக்கு உன்ற முறை கண்ணு, தின்னுபோட்டுப் போசியத் தேச்சு வெச்சிரோணும்." தேங்காய் நாரும் சாம்பலும் எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தால் கை ஓய்ந்துபோகும். ஆனாலும் முறையை விட்டுக்கொடுத்தவர்கள் எங்கள் வீட்டில் இல்லை.

இப்போது கோவை ஓட்டல்களில் முந்திரி வறுத்துப் போட்டு, நெய் வழிய வழிய அரிசிம்பருப்பு தருகிறார்கள். எனக்கு அது ஒட்டவே இல்லை. வெங்காயத்தின் இனிப்பை அந்த நெய் முழுங்கிவிடுகிறது. வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் சோம்பல்பட்டுப் பெரிய வெங்காயத்தை மட்டும் நறுக்கிப் போட்டுவிடாதீர்கள். சின்ன வெங்காயம் உரிக்க நேரமாகும்தான். வீட்டில் இருக்கிற எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து உரியுங்கள். நாங்கள் அப்படித்தான் உரித்தோம்.

(தொடரும்)