கட்டியை இழுக்கும் வலை

மூளையின் பெரிய ரத்தக்குழாய் ஒன்று ரத்தக்கட்டியால் அடைபட்டால், நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்புச் செல்கள் மடிகின்றன. கட்டியைக் கரைக்க ஊசி மருந்து இருக்கிறது; பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆனால் பெரிய குழாயை அடைத்த நீளமான கட்டி அதற்குப் பெரும்பாலும் மசிவதில்லை. எனவே கட்டியையே பிடித்து இழுத்துவிடுகிறார்கள், மண்டையோட்டைத் திறக்காமல்!

தொடை இடுக்கில் சிறு துளையிட்டு, மெல்லிய குழாயை மகாதமனி வழியாகக் கழுத்துவரை ஏற்றுகிறார்கள். எக்ஸ்ரே திரைதான் மருத்துவருக்குக் கண். அந்தக் குழாய்க்குள் அதைவிட நுண்ணிய இன்னொரு குழாய் நுழைந்து, சுமார் 3 மில்லிமீட்டர் அகலமே உள்ள மூளைத் தமனியில் கட்டியைத் துளைத்து அப்பால் போகிறது. அதனுள் சுருங்கிக் கிடப்பது நிக்கல், டைட்டானியம் கலந்த கம்பிவலை. எவ்வளவு மடக்கினாலும் தன் வடிவத்தை மறக்காத உலோகம் அது. நுண்குழாயைப் பின்னுக்கு இழுத்ததும் வலை விரிந்து கட்டிக்குள் பதிகிறது. சில நிமிடம் பொறுத்து, ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டே வலையைக் கட்டியோடு வெளியே இழுக்கிறார்கள். பொறுமை இல்லாவிட்டால் துணுக்கு சிதறி வேறு கிளையை அடைக்கும். தமனியே கிழியவும் கூடும்.

இந்தச் சிகிச்சை எளிதில் பெயர் வாங்கிவிடவில்லை. 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் கருவி, திருகாணி போலச் சுருண்ட கம்பி. 2013-இல் வெளியான மூன்று ஆய்வுகள், மருந்தைவிட இதனால் பலன் கூடவில்லை என்றன. அவற்றில் பெரும்பாலும் பழைய கருவிகள்; பெரிய குழாய்தான் அடைபட்டிருக்கிறதா என்று எல்லோருக்கும் முன்கூட்டியே பார்க்கவும் இல்லை. நெதர்லாந்து மருத்துவர்கள் பெரிய குழாய் அடைப்பை முதலில் உறுதிசெய்து 500 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துத் தம் காரியங்களைத் தாமே செய்துகொண்டவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 100-க்கு 19. கட்டியை எடுக்கும் சிகிச்சையும் பெற்றோரில் 33. மீதி 67 பேரையும் மறக்கக் கூடாதுதான். ஆனாலும் பக்கவாத மருத்துவத்தில் இது பெரிய தாவல். 2015-இல் வெளியான மேலும் நான்கு ஆய்வுகள் இதை உறுதிசெய்தன. ஸ்கேனில் காப்பாற்றத்தக்க பகுதி மிச்சமிருந்தால் 24 மணி நேரம் வரைகூட முயலலாம் என்பது 2018-க்குள் தெரிந்துவிட்டது. அதற்காகத் தாமதிக்கலாம் என்று பொருளல்ல.

ஒருவருக்கு வாய் கோணினாலோ, கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். ரத்தக்கசிவாகவும் இருக்கலாம், ஸ்கேன்தான் பிரித்துச் சொல்லும். அவர் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.